பெருக்கல் குறி போட்ட வீடு

சம்பந்தியின் வீடு ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறது. நாங்கள் இருக்கும் மில்லிக்கனிலிருந்து காரில் அரை மணித்தியாலம். மாதத்தில் ஒரு ஞாயிறு மகன் எங்களைக் கூட்டிப்போவான். சம்பந்தி வெள்ளைக்காரர், மருமகளின் தகப்பன். அவருக்குத் தமிழ் இல்லை, எனக்கு இங்கிலிஸ் கொஞ்சம். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்போம். அது போதும்.

இந்த மாசி போனபோது அவருடைய சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. ஸ்கொட்லாந்தில் பெய்ஸ்லி என்ற பட்டினம். நூறு வருடத்துக்கு மேல் பழையது. துண்டு துண்டாக அச்செடுத்து ஒட்டியிருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யன்னலிலும் வெள்ளை, மேசையிலும் வெள்ளை.

தன் தாய் பிறந்த வீட்டை அவர் இரண்டு வருடமாகத் தேடினார். சேர்ச்சுக்கு எதிர்ப்பக்கம், மூலையிலிருந்து ஐந்தாவது வாசல் என்று தாய் சொல்லியிருக்கிறா. சித்திரையில் நேரில் போய்ப் பார்க்க ரிக்கற் எடுத்திருந்தார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அடுத்த வருடம் போனால் ஒன்றும் தெரியாது.

அவர் வரைபடத்தில் ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டினார். மகன்தான் சொன்னான்.

"வீட்டைக் கண்டுபிடிச்சிட்டாராம் அப்பா. ஆனா அதில பெருக்கல் குறி போட்டுக் கிடக்கு. அப்பவே இடிச்சுப்போட்டாங்கள் எண்டுறார். ரிக்கற்றைக் கான்சல் பண்ணப் போறாராம்."

நான் மேசையில் குனிந்தேன்.

"நீங்கள் என்னத்தைப் பாக்கிறியள்?" என்றா மனைவி. "பால் பெட்டியில திகதி பாக்கவே என்னைக் கூப்பிடுற ஆள்."

எழுத்துத்தான் எனக்குக் கஷ்டம். கோடு வாசிப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு ஒன்பது வருடம் ஒரு சர்வேயர் ஐயாவுக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தேன். அவர் ஒரு முனையில் நிற்பார். நான் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு வேலி, கிணறு, ஒழுங்கை எல்லாம் நடப்பேன். பின்னேரம் அவர் அதைத் தாளில் கீறுவார். காலையில் மிதித்த நிலத்தைப் பின்னேரம் மேலே நின்று பார்ப்பேன்.

பெய்ஸ்லியையும் அப்படித்தான் பார்த்தேன். யாரோ ஒருவன் அங்கேயும் சங்கிலியோடு நடந்திருக்கிறான். வாசல் படி தெரிந்தது. தண்ணீர்க் குழாய் தெரிந்தது. ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளி. கொஞ்ச நேரத்தில் நான் உள்ளே இறங்கிவிட்டேன். தெருவில் ஆள் இல்லை. சேர்ச்சைக் கடந்தேன். ஒரு வாசல், இரண்டு, மூன்று. காலுக்குக் கீழே பனியா தாளா தெரியவில்லை. ஐந்தாவதில் குறி. நாலு மூலையையும் தொட்ட மெல்லிய இரண்டு கோடு. அதற்குப் பின்னால் ஒரு முற்றம். முற்றத்தின் கடைசியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்குப் போக வேறு வழி இல்லை.

"இடிச்ச வீட்டை ஆர் கீறுறது?" என்றேன். "சர்வேயர் நிக்கிறதைத்தான் கீறுவார்."

"அப்ப உது என்ன?" என்றான் மகன்.

"பாதை. மேல வீடு, கீழ ஆள் போற வழி. எங்கட ஐயாவும் அதுக்கு இப்பிடித்தான் போடுவார். தாயின்ர வீடு உள்ளுக்க, முற்றத்துக்கு அங்கால இருக்கு."

மகன் இங்கிலிஸில் சொன்னான். சம்பந்தி பூதக்கண்ணாடியை எடுத்தார். கனநேரம் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ சொன்னார்.

"மழைக்குள்ளையும் தாய் வெளியில விளையாடினவவாம். நனையிறேல்லையாம். அது எப்பிடியெண்டு இவ்வளவு நாளும் தனக்கு விளங்கேல்லையாம்." மகன் என்னைப் பார்த்தான். "உங்களுக்கு நிச்சயமோ எண்டு கேக்கிறார்."

"ஓம்."

அந்தச் சொல் சம்பந்திக்குத் தெரியும்.

மகன் போனில் அந்தத் தெருவின் இப்போதைய படத்தைத் தேடி எடுத்தான். இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு கல் வளைவு. அதற்குள் இருட்டு. அதற்கு அங்கால் படத்தில் ஒன்றும் இல்லை.

"உள்ள வீடு நிக்குதோ தெரியேல்லை அப்பா."

"போய்த்தான் பாக்கோணும்."

தெருவிலிருந்து எவ்வளவு தூரம் என்று சம்பந்தி கேட்டார். மனைவியின் கைப்பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். நூலை வரைபடத்தில் வளைவிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பிடித்தேன். பிறகு தாளின் கீழ் ஓரத்தில் கீறியிருந்த அளவுகோலில் வைத்தேன். நாற்பத்தைந்து அடி. நான் எட்டி நடந்தால் பதினெட்டுக் கவடு.

அவரைக் கதிரையிலிருந்து எழுப்பி முன்கதவடிக்குக் கூட்டிப்போனேன். அதுதான் எங்களுக்கு வளைவு. என் தோளைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடச் சொல்லவில்லை.

மனைவி ஒரு கதிரையை வழியிலிருந்து இழுத்தா.

நான் தமிழில் எண்ணினேன், அவர் இங்கிலிஸில் எண்ணினார். பதினைந்தில் பின்பக்கக் கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. இன்னும் மூன்று இருந்தது. கதவை இழுத்துத் திறந்தேன்.

"சொக்சோட உதுக்க இறங்காதேங்கோ," என்றா மனைவி. "ரெண்டு கிழவருக்கும் விசர்."

பதினாறு. பதினேழு. பதினெட்டு. கால் கணுவரைக்கும் புதைந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சம்பந்தி என் தோளை விட்டார். கையை முன்னால் நீட்டினார், கதவில் தட்டப் போகிறவர் மாதிரி. பனி அந்தக் கையில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு கண்ணைத் திறந்து, "இன்னொருக்கா" என்று இங்கிலிஸில் சொன்னார். அது எனக்கு விளங்கும்.

திரும்பி முன்கதவுக்கு நடந்தோம்.