பந்து வராத பிள்ளை

1997இல் அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்டில், எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் பைபிள் வசனம் கற்றுக்கொடுத்தேன். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். பந்தைப் பிடிப்பவர் வசனத்தின் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்தவருக்கு எறிய வேண்டும். சொன்னவர் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டுவேன்.

ஐந்து வாரமாகியும் ஷீபாவுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஒன்பது வயது, கோவில்பட்டியிலிருந்து அப்போதுதான் வந்த குடும்பம்.

“வீட்ல கொஞ்சம் படிக்க வைங்க, சிஸ்டர்” என்று அவள் அம்மாவிடம் சொன்னேன்.

“தினமும் என்கிட்ட முழுசா ஒப்பிக்கிறாளே!”

அம்மாவின் பின்னால் நின்ற ஷீபா சொன்னாள்: “எனக்கு யாருமே பந்து போடல, ஆன்ட்டி.”

நான் வார்த்தை சரியா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பந்து யாரிடம் போகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு நானே அவளுக்கு முதல் பந்தைப் போட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அந்த வசனம் வரும் மொத்த அதிகாரத்தையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“ஷீபா, த்ரோ இட்! ஷீபா, ஹியர்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர்கள் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அவள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வகுப்பு முடியும்வரை யாருக்கும் எறியவில்லை. நான் அவள் பெயருக்கு நேரே முதல் நட்சத்திரத்தை ஒட்டினேன்.