டெபோரா டீச்சரின் மூன்றாவது வட்டம்

கூடையைக் கவிழ்த்துவிட்டார் டெபோரா டீச்சர். பிளாஸ்டிக் புலி, கோழி, முதலை, மாடு எல்லாம் பாயில் உருள்கின்றன. "சண்டை போடாம எடுங்க. யாரு எந்த வீட்டுக்காரங்கன்னு பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார். இனி விடை அவர் வாயிலிருந்து வராது.

மலேசிய மலையூரான கம்போங் ராஜாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளி இது. தரையில் கயிற்றால் மூன்று வட்டங்கள். முன்பு இரண்டுதான்: வீட்டில் இருப்பவை, காட்டில் இருப்பவை. புத்தகத்திலும் அப்படித்தான். ஆனால் பிள்ளைகள் காட்டுப்பன்றியைக் கொண்டுபோய் நாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள். "அது காட்டுல இருக்கிறதும்மா" என்றால், "இல்லலா டீச்சர், நேத்துகூட எங்க லைன் வீட்டுப் பின்னாடி நின்னுச்சு. அம்மாதான் வெளக்குமாத்தால வெரட்டுச்சு" என்று மலர் வாதாடினாள். குரங்குக்கும் பாம்புக்கும் சாட்சி சொல்ல ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். டீச்சர் தோல்வியை ஒப்புக்கொண்டு இன்னொரு கயிறு வாங்கி வந்தார். மூன்றாவது வட்டத்தின் பெயர் 'வந்து போறது'.

பிரித்து வைப்பது அவருக்கு வகுப்போடு நிற்பதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைக்கூடச் சேறு பட்டது, படாதது என்று ஒதுக்கிவிடுவார். பள்ளியைப் பார்க்கப் போன என்னிடம் முதல் கேள்வியே, "நீங்க டீ ரகமா, கோப்பி ரகமா?" என்பதுதான்.

அவருடைய மகள் வனஸ்ஸாவுக்கு மலைக்குளிர் ஆகாது. பனி இறங்கினால் இழுப்பு வந்துவிடும். அதனால் மூன்று வயதிலேயே, ஈப்போவில் இருக்கும் நாத்தனார் பார்பராவிடம் விட்டுவிட்டார்கள். கணவர் ராய்ஸ்டன் காய்கறி லோரியோடு எப்போதும் சிங்கப்பூர் சாலையில். வரும் ஜனவரியில் மகள் முதலாம் ஆண்டுக்குப் போகவேண்டும். இந்த விடுமுறையில் நெஞ்சு தாங்கினால் இங்கேயே பள்ளியில் சேர்ப்பது, தாங்காவிட்டால் ஈப்போவிலேயே என்று பேச்சு. "இந்தத் தடவ தாங்கிரும்லா. வளந்துட்டால்ல" என்று நான் கேட்காமலே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் போன அன்று வனஸ்ஸாவும் பாயில் உட்கார்ந்திருந்தாள். வந்து ஒரு வாரம்தான். பூனையைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இது எங்க?" என்றாள். மற்ற பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்துப் பெற்ற பிள்ளையும் அப்படியே கூப்பிடுகிறது. டெபோரா சிரித்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கியது. முயலை எடுக்கக் குனிந்த வனஸ்ஸா இருமினாள். அடுத்த இருமலோடு நெஞ்சில் விசில் சத்தம். டெபோரா மருந்து பம்பை வாயில் வைத்து அடித்து, மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மூச்சு சீரானதும் அவரே போனை எடுத்தார்.

"அண்ணி, காடி எடுத்துட்டு வாங்க. பிள்ளைய அங்கயே ஸ்கூல்ல போட்ருங்க."

மதியம் பார்பரா காரில் வந்து இறங்கினார். "இன்னும் ரெண்டு நாளு பாப்பமே, டெபோரா."

"வேணாம் அண்ணி. அவ மூச்சுக்குத் தவிக்கிறத என்னால பாக்க முடியல."

கீழே ஈப்போவில் வெயில் கொளுத்தும். இருந்தும் கார்க் கதவருகே மண்டியிட்டு, மகளின் ஸ்வெட்டர் பட்டன்களைக் கழுத்துவரை மாட்டினார் டெபோரா. மாட்டி முடித்து ஒருகணம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீழிருந்து மறுபடி மாட்டத் தொடங்கினார்.