மெக்கானிக் உள்ளே, அப்பா வெளியே

பன்னிரண்டு வருடமாக, நடுவழியில் நின்றுபோகும் லிஃப்டுகளிலிருந்து ஆட்களை இறக்கிவிடுவதுதான் அவர் பிழைப்பு. உள்ளே மாட்டியவர்கள் என்ன கத்தினாலும், "எதையும் தொடாதீங்க" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் உதிராது. வீட்டிலும் அதே கதைதான். நான்கு வயது மகள், 'வண்டு' என்று கூப்பிடுவார்கள், தான் மெக்கானிக், அப்பா மாட்டிக்கொண்ட பாஸஞ்சர் என்று லிஃப்ட் விளையாட வரச்சொல்லி நச்சரிப்பாள். அவர் "அப்புறம்" என்று நழுவிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை காலை மனைவி மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தாள். வண்டுவைக் குளிப்பாட்ட, கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி வெந்நீரைக் குளியலறையில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பினார். அதற்குள் உள்ளே புகுந்த வண்டு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். திறக்க வரவில்லை.

கதவு உள்பக்கமாகத் திறப்பது. இடித்தால் அவள் வாளிமேல் விழுவாள். ஜன்னலோ கை நுழையாத சந்து. "அசையாதே, வாளிகிட்ட போகாதே, தாழ்ப்பாளை இழு" என்று அதட்டினார். அதட்ட அதட்ட அழுகை ஏறியது. ஈரத் தரையில் கால் வழுக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

என்ன தோன்றியதோ, கதவோரம் தரையில் உட்கார்ந்தார்.

"வண்டு, அப்பா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். மெக்கானிக் இருக்காங்களா?"

உள்ளிருந்து ஒரு விசும்பல். "எந்த மாடி?"

"மூணாவது."

"பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "ஆமா. ரொம்பப் பயமா இருக்கு."

"அழாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மாட்டிக்கொண்ட எவரிடமும் இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. சுருக்கென்றது. ஆனாலும் பழக்கதோஷம், "சரி, தாழ்ப்பாளை இழு" என்று அவசரப்பட்டார்.

"பாஸஞ்சர் அதெல்லாம் சொல்லக் கூடாது." குரல் மறுபடி உடையப் பார்த்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் மெக்கானிக்கே சொன்னாள், தாழ்ப்பாள் கம்பி ரொம்ப இறுக்கமாக இருக்கிறதாம்.

"மேடம், வாளிப் பக்கம் போகாம கதவுகிட்டயே நில்லுங்க. நான் இந்தப் பக்கம் கதவை இழுத்துப் பிடிச்சுக்கட்டுமா?"

யோசித்து, "பிடிங்க" என்று உத்தரவு கொடுத்தாள். கம்பியின் இறுக்கம் தளர, கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்து நெருக்கினார். இரண்டு முறை அவள் விரல் வழுக்கியது. மூன்றாவது முறை தாழ்ப்பாள் சடக்கென்று விலகியது.

அள்ளி எடுத்தவர் கால், கை எல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. அவள் நெளிந்தாள். "பாஸஞ்சர் மெக்கானிக்கைத் தூக்க மாட்டாங்க."

மதியத்துக்குள் தாழ்ப்பாளைக் கழற்றி, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் அடித்தார். மனைவி வந்ததும், வெந்நீரை வைத்துவிட்டு நகர்ந்தது தன் தப்பு என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். திட்ட வாயெடுத்தவள், "பயந்துட்டேன்" என்ற சொல்லை அவரிடம் முதல்முறையாகக் கேட்டு, பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.