டீத்தூள் சக்கையும் மூன்று பேட்சும்

கம்பெனி லேபில் ஒரு விசேஷம் உண்டு: பேட்ச் பாஸானால் அது புரொடக்‌ஷனின் சாதனை, பெயிலானால் "லேப்காரங்க என்ன பண்ணாங்க?" வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வசவு வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரகடம் பக்கம் பழைய பேட்டரியை உடைத்து உலோகம் எடுக்கும் கம்பெனி எங்களுடையது. உடைத்தால் வருவது ஆக்சைடு நிறைந்த கறுப்புத் தூள். வெறும் அமிலத்தில் போட்டால் பாதிதான் கரையும்; ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க இன்னொரு சரக்கு வேண்டும். இத்தனை நாளும் அது பெராக்சைடு. இப்போது வாடிக்கையாளருக்குப் பசுமை வேண்டுமாம். கொய்யா இலை, மாதுளைத் தோல் என்று கண்டதையும் காய்ச்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் கேன்டீன் டீத்தூள் சக்கையில் வந்து நின்றேன். அதில் மிச்சமிருக்கும் துவர்ப்பு அந்த வேலையைச் செய்தது. தொடர்ந்து மூன்று பெரிய பேட்ச் பாஸானால் பெராக்சைடை நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர்.

எரியாத சோறு

பெராக்சைடு டிரம்மைத் திறந்து ஊற்றுகிறவர் ஆபரேட்டர் ஏழுமலை. க்ளவுஸ் உண்டு. அது ஓட்டையாவதும் உண்டு. ஒரு சொட்டு பட்டால் போதும், தோல் வெள்ளையாக வெளுத்து எரியும். அவர் விரல் நுனி வெளுக்காத வாரமே கிடையாது. நான் சக்கையைக் காய்ச்சும்போதெல்லாம் வந்து பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார். "இது மட்டும் செட் ஆச்சுன்னா சொல்லுங்க மேடம். வூட்டுக்குப் போயி ரசம் சோத்துல கை வெச்சா எரியாம துன்னணும், அவ்ளோதான் நமக்கு."

ஷேர் ஆட்டோவில் இரண்டு பக்கெட்

பெரிய பேட்சுக்குக் கேன்டீன் சக்கை பற்றவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைகளில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பக்கெட் வாங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சொட்டிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த பெண் புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். எம்.எஸ்ஸி. படித்தது இதற்குத்தானா என்று எனக்கே தோன்றியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "இன்னா மேடம், ஊரே குப்பைய வெளிய கொட்டிகினு கீது, நீங்க கம்பெனிக்குள்ள எடுத்துகினு போறீங்க?"

சீனியும் ஸ்பூனும்

கடைச் சக்கையைப் போட்டுச் சோதித்தபோது கறுப்புத் தூளில் பாதி கரையவே இல்லை. அதே டீத்தூள், அதே அமிலம், அதே சூடு. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் காலை கேன்டீனிலேயே போய் நின்றேன். டீ மாஸ்டர் சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர். டீத்தூளோடு சர்க்கரையையும் ஒரேயடியாகக் கொட்டிக் கொதிக்கவிட்டார். அவருடைய சக்கை பிசுபிசுத்தது. விஷயம் அதுதான், ஆக்சிஜனைப் பிடுங்குவதில் சர்க்கரையும் கெட்டிக்காரி; கடைகளில் அதைக் கிளாஸில்தான் போடுகிறார்கள், சக்கையில் சேர்வதில்லை.

அதன்பின் கேன்டீன் சக்கையை மட்டுமே நாள்கணக்கில் டிரம்மில் சேர்த்துப் போட்டதில் முதல் இரண்டு பேட்ச் பாஸ். அண்ணாச்சிக்கு நன்றி சொல்லப் போனேன். "நான் எங்க ஆராய்ச்சி பண்ணுதேன்? சீனியைத் தனியா வச்சா ஸ்பூனு காணாமப் போவுது, அதான் சேத்தே கொதிக்க விடுதேன்."

மூணு தண்ணி

மூன்றாவது பேட்ச் அன்று வாடிக்கையாளர் கம்பெனி ஆட்கள் நேரில் வந்தார்கள். எல்லாரும் சுற்றி நிற்க, ஏழுமலை சக்கையைப் போட்டார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. வந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் லேபுக்கு வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஹவுஸ்கீப்பிங் ஸ்டெல்லா அக்கா சிரித்த முகமாக உள்ளே வந்தார். ஏழுமலையும் வாசலில் நின்றிருந்தார். "பெரிய ஆளுங்க வராங்க, உங்க டிரம்முல ஒரே ஈயி மேடம். காத்தாலயே வந்து சுடுதண்ணி ஊத்தி, மூணு தண்ணி வுட்டு சக்கைய பிசுக்கே இல்லாம அலசி வெச்சேன். சுத்தமா இருந்துச்சா?"

காரணம் என்ற கட்டம்

மேனேஜர் கோபப்படக்கூட இல்லை. "பெராக்சைடே போதும். அதுக்கு எப்பவும் ஒரே குணம், உங்க சக்கைக்கு நாளுக்கொரு குணம்" என்று ரிப்போர்ட் கேட்டார். சக்கையை அலசிவிட்டார்கள் என்று எழுதினால் இன்னொரு வாய்ப்பு கேட்கலாம். ஆனால் அலசியது யார் என்று தெரியாமல் அவர் விடமாட்டார். பேனாவைத் திறந்தேன். ஏழுமலை வந்து மேஜை ஓரமாக நின்றார். இன்னொரு முறை கேளுங்கள் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எழுதாதீங்க மேடம். அக்கா கான்ட்ராக்ட் ஆளு, பேரு வந்துச்சுன்னா நாளைக்கே கேட்டோட நிப்பாட்டிடுவாங்க. நம்ம கை நமக்குப் பழகிப் போச்சு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம் என்ற கட்டத்தில் "மூலப்பொருளின் தரம் சீராக இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு வருஷ சர்வீஸில் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்தான என் ரிப்போர்ட் அது ஒன்றுதான்.