பாத்திரம் கொண்டு வந்தால் பார்சல் சார்ஜ் இல்லை

ஓட்டல் தொழில்ல மாவு ஆட்டுறவனுக்கு இடுப்பு போகும், தோசைக்கல்லு முன்னால நிக்கிறவனுக்குக் கண்ணு போகும், பார்சல் கவுன்டர்ல நிக்கிறவளுக்கு நல்ல பேரு போகும்.

பதினோரு வருஷமா நான் பார்சல் கவுன்டர். ஜோகுபாளையத்துல, மெயின் ரோட்டை விட்டு உள்ள திரும்பினா ரெண்டாவது தெரு, நின்னுக்கிட்டே சாப்பிடற சின்ன டிபன் கடை. பேரு பிலோமினா, கடையில எல்லாருக்கும் பிலோ. ரேஷன் கடையோ மருந்துக் கடையோ, ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால நின்னு காலம் தள்ளினவங்க இதைப் படிக்கிறீங்கன்னா, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்ல. நம்ம எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான்.

ரெண்டு இட்லி பார்சல்னா முன்னாடி நாங்க என்னென்ன குடுப்போம்னு கேளுங்க. இட்லிக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், அது மேல ஒரு நியூஸ் பேப்பர், சாம்பாருக்கு ஒரு கவர், ரெண்டு சட்னிக்கு ரெண்டு கவர், எல்லாத்தையும் போட ஒரு கேரி பேக். பத்து நிமிஷத்துல தின்னு முடிக்கிற இட்லிக்கு ஆறு சட்டை. அந்த ஆறும் மறுநாள் காலையில எங்க தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ, நாய் பிச்சுப் போட்டுக் கிடக்கும். அதை அள்ளுறது லட்சுமம்மா. கார்ப்பரேஷன்ல தெருப் பெருக்குறவ. அவளுக்கும் என் வயசுதான், நாப்பத்தஞ்சு இருக்கும். காலையில கடை திறந்ததும் நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னு ஒரு காபி குடிப்போம். புருஷனுக்குப் பக்கவாதம், படுத்த படுக்கை. வேலை முடிஞ்சு போகும்போது அவருக்கு ரெண்டு இட்லி வாங்கிட்டுப் போவா.

ஒரு நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாம பிடிச்சுக்கிட்டிருந்தா. என்னடின்னு கேட்டா, கவரோட கவரா யாரோ போட்ட கண்ணாடி உள்ளங்கையில ஏறியிருக்கு. "உங்க கடை கவர் மட்டும் தினம் மூணு மூட்டை வருது அக்கா"ன்னா. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. ஒரு மாசம் டைம் குடு, உன் மூலையைச் சுத்தம் பண்ணித் தரேன்னு வாக்கு குடுத்தேன். மூலையைச் சுத்தம் பண்ணிட்டேன். லட்சுமம்மாவைத்தான் விட்டுட்டேன். அதுல ஓனரையோ கஸ்டமரையோ குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, தப்பு என்னோடது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உள்ளயே ஆரம்பிச்சவர்

ஓனருக்கும் கவர் வெச்சிருந்தா ஃபைன் போடுவாங்கன்னு ஒரு பயம் இருந்துச்சு. நான் சொன்னதும் ஒத்துக்கிட்டார். இனிமே கவர் கிடையாது, அட்டை டப்பாதான். டப்பாவுக்குப் பத்து ரூபா. வீட்டுப் பாத்திரம் கொண்டு வந்தா பத்து ரூபாயும் இல்ல, மேல ஒரு கரண்டி சாம்பார் சும்மா. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும் போர்டு எழுதி என் தலைக்கு மேல மாட்டினாங்க. அன்னிலேருந்து போர்டைப் படிக்கிறவங்க எல்லாம் கண்ணை இறக்கி என்னை முறைப்பாங்க. பத்து ரூபா என் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கறேன்னு நினைப்பு.

மொதல் வாரம் ஒருத்தர் வந்தார். டிப் டாப்பா சட்டை, கழுத்துல ஆபீஸ் அட்டை. ரெண்டு பிளேட் இட்லி, உள்ள சாப்பிடறதுக்குன்னு வாங்கினார். நல்ல மனுஷன்னு நினைச்சேன். மூலை மேடைக்குப் போயி, பையிலேருந்து ஒரு பழைய பால் கவரை எடுத்து உதறி, இட்லி நாலையும் அதுக்குள்ள தள்ளிட்டு இருக்கார். சாம்பாரை வேற ஊத்தப் போனார். ஓடிப்போய் சார், இது பார்சல் இல்லையான்னு கேட்டேன். மனுஷன் அசரவே இல்ல, ஒரு விள்ளல் எடுத்து வாயில போட்டுக்கிட்டுச் சொன்னார்: "பாருங்க, சாப்பிட ஆரம்பிச்சாச்சு மேடம், வீட்ல போய் முடிக்கிறேன்."

குண்டான்

பத்து ரூபா சார்ஜுக்கு வராத பாத்திரமெல்லாம் அந்த ஒரு கரண்டி ஓசி சாம்பாருக்கு வந்துச்சு. தண்ணி பாட்டிலை நீட்டி இதுல சாம்பார் ஊத்துன்னு ஒரு பொண்ணு. மூடி இல்லாத குக்கரோட ஒரு பையன். சாம்பார் ஊத்துறது மாதேஷ், அத்திபெலேலேருந்து தினம் பஸ் பிடிச்சு வர்றவன், ரெண்டு பிள்ளைக்கு அப்பன். அவன் கை தாராளம். ஒரு கரண்டின்னா அவன் கணக்குல ஒன்றரை. விஷயம் தெருவுல பரவிடுச்சு.

ஒரு அண்ணன் பிரியாணி குண்டான் ஒண்ணைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து கவுன்டர்ல வெச்சார். எத்தனை இட்லிண்ணான்னு கேட்டேன். ஒரு வடைன்னார். குண்டானைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். வீட்ல ஆறு பேருன்னு அவரே சொன்னார். அப்போ வடை பத்துமாண்ணான்னேன். அவர் கொஞ்சமும் வெக்கப்படாம சொன்னார்: "வடை பேருக்கும்மா, சோறு வீட்ல வெந்துக்கிட்டிருக்கு."

அன்பளிப்பு

நம்ம வீட்டு எவர்சில்வர்ல பேர் வெட்டியிருக்கும்ல. காலையில எட்டரை மணிக்கு கவுன்டர் பூரா டப்பா நிக்கும்போது எனக்கு அதுதான் கை குடுத்துச்சு. டப்பாவைத் திருப்பி, பேரைப் படிச்சுக் கூப்பிடுவேன். ரொம்ப புத்திசாலித்தனம் பண்றதா நினைப்பு. ஒரு நாள் பெரிய தூக்கு ஒண்ணு, 'கே. வெங்கடேசன் குடும்பத்தார் அன்பளிப்பு'ன்னு வெட்டியிருந்துச்சு. வெங்கடேசன், வெங்கடேசன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் வரல. பொங்கல் ஆறி, ஓரத்துல நெய் உறைஞ்சு போச்சு. கடைசியில கூட்டமெல்லாம் கலைஞ்சப்புறம், அவ்வளவு நேரமும் எனக்கு எதிர்லயே நின்ன ஒரு அம்மா மெதுவா கை நீட்டினாங்க.

ஏம்மா, இவ்வளவு நேரம் கத்தினேனே, காதுல விழலையான்னு சத்தம் போட்டுட்டேன். கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்துல குடுத்தவங்க பேருதான் இருக்கும்னு எனக்கு உறைக்கவே இல்ல பாருங்க. வெங்கடேசன் அந்தம்மாவோட கூடப் பிறந்த அண்ணன். வீட்டு மனையைப் பாகம் பிரிக்கிறதுல தகராறாகி, பேச்சு நின்னு பல வருஷமாச்சாம். தூக்கை முந்தானையால துடைச்சுக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க: "அந்தப் பேரை எங்க வீட்ல யாரும் சொல்றதில்லம்மா, பாத்திரம் மட்டும் நல்ல கனம்னு வெச்சிருக்கோம்."

ஒரு மூட்டை

அன்னிலேருந்து பேர் கூப்பிடறதை விட்டேன். கவுன்டர் மேடையில டப்பாவை வந்த வரிசையில வைக்கணும், ஆளு பக்கத்துலயே நிக்கணும், மாதேஷ் வரிசையா ஊத்திட்டே வருவான். எல்லா டப்பாவும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும். பார்க்கவே நல்லா இருந்துச்சு.

அதுக்குப் பெரிய ஒத்தாசை பண்ணவங்க ஹேமா மிஸ். ஸ்கூல்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, பின் தெரு அப்பார்ட்மென்ட். துணிப்பையும் நாலடுக்கு கேரியருமா வருவாங்க. அவங்க பில்டிங் வாட்ஸ்அப் குரூப்ல எங்க கடையைப் பத்தி எழுதி, இருபது வீட்டை டப்பா தூக்க வெச்சாங்க. பொய் சொல்லக் கூடாது, அவங்க இல்லைன்னா இது நடந்திருக்காது. ஒரு மாசம் முடியறதுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் மூலையில தரை தெரிஞ்சுது. அன்னிக்கு லட்சுமம்மா இட்லி வாங்க வந்தப்போ அவ கையிலயும் ஒரு டப்பா. அல்சூர் மார்க்கெட்டுல புதுசா வாங்கினதாம், ஸ்டிக்கரோட பசை கூடப் போகல. அதை வரிசையில வெச்சுட்டு நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொன்னா: "மூணு போயி ஒரு மூட்டை ஆயிடுச்சு அக்கா, இன்னிக்கு இடுப்பே வலிக்கல."

கரண்டி

ஒரு பத்து நாள் சந்தோஷமாத்தான் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, நல்ல கூட்டம். லட்சுமம்மா கார்ப்பரேஷன் குடுத்த பச்சை கோட்டுப் போட்டுக்கிட்டு அப்படியே வந்து டப்பாவை வெச்சா. அடுத்ததா ஹேமா மிஸ்ஸோட கேரியர். மிஸ் தன்னோட கேரியரை ஒரு சாண் தள்ளி வெச்சாங்க. மாதேஷ் லட்சுமம்மா டப்பாவுல ஊத்திட்டு மிஸ்கிட்ட வந்தான். மிஸ் மூடியைப் போட்டு மூடிட்டு, அப்புறம் வாங்கிக்கறேன்னுட்டாங்க. லட்சுமம்மா அதைப் பார்த்தாளான்னு எனக்குத் தெரியல. டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அவ போனதும் மிஸ் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. ஒரே கரண்டி எல்லா டப்பாவுலயும் படுது, எந்தெந்தக் கை எதெதைத் தொட்டதோ, எங்க பில்டிங்ல ரெண்டு மூணு பேரு யோசிக்கறாங்கன்னாங்க. ஓனரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கல்லாவுல எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டார். இருபது வீடு போச்சுன்னா மூலை மறுபடியும் மூணு மூட்டைதான்னு என் மண்டையில ஓடுது. மிஸ் என் கையை ஆதரவாத் தொட்டு, ரொம்ப மெதுவாச் சொன்னாங்க: "நான் ஜாதி எல்லாம் பார்க்கறவளே இல்ல பிலோமினா, ஹைஜீனுக்காகத்தான் சொல்றேன்."

சிலிண்டர் வாசல்

மறுநாள் நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன், நீங்களே பார்த்துக்கோங்க. லட்சுமம்மா வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு இட்லியை அட்டை டப்பாவுல கட்டி ரெடியா வெச்சேன். அவ கவுன்டருக்கு வர்றதுக்குள்ள, சிலிண்டர் இறக்கற பக்க வாசல்ல நின்னு கை காட்டிக் கூப்பிட்டேன். நீ எதுக்கு வரிசையில காத்துக் கிடக்கணும், உன் வீட்டுக்காரர் பசியோட இருப்பார், சீக்கிரம் போ, உனக்கு டப்பா சார்ஜும் வேணாம்னு சிரிச்சேன். அவ தன் டப்பாவைப் பார்த்தா, என் கையில இருக்கற டப்பாவைப் பார்த்தா. வாங்கிக்கிட்டா.

எனக்குத் தெரியாம செஞ்சேன்னு சொல்ல முடியாது. எங்கம்மா காக்ஸ் டவுன்ல வீட்டு வேலை செஞ்சவங்க. அந்த வீட்டுப் பின்கட்டுல அவங்களுக்குன்னு தனி டம்ளர் இருந்துச்சு, ஜன்னல் மேல கவுத்து வெச்சிருப்பாங்க. அதைப் பத்திப் பேசினாலே அம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க. அந்த வயித்துல பிறந்தவதான் நான். கண்டும் கேட்டும் வளர்ந்தவளுக்கு மன்னிப்பு கிடையாது. உள்ள வந்தப்போ மாதேஷ் சாம்பார் அண்டாவைக் கிளறிக்கிட்டே, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாம என்னைக் கேட்டான்: "ஏன்க்கா, அவங்க டப்பா ஓட்டையா?"

மூலை

ரெண்டாவது நாளும் அதே வாசல், அதே டப்பா. மூணாவது நாள் லட்சுமம்மா வரல. காபிக்கும் வரல. எங்க தெருவை மொதல்ல பெருக்கறவ, எல்லாத் தெருவும் முடிச்சுட்டு, எங்க கடை கூட்டத்துல நான் தலை நிமிர முடியாத நேரமாப் பார்த்துப் பெருக்கிட்டுப் போக ஆரம்பிச்சா.

இதுல வேடிக்கை என்னன்னா, கரண்டியை ஒரு சாண் மேல தூக்கிப் பிடிச்சு ஊத்தினா எந்த டப்பாவுலயும் படாது. மாதேஷுக்கு அது ஒரு நாள் பழக்கம். ஒரு வாரம் தூக்கம் கெட்டப்புறம்தான் எனக்கு அது தோணுச்சு. அவன்கிட்ட சொன்னேன், அன்னிக்கே செஞ்சான். ஹேமா மிஸ் கேரியரும் வருது, இருபது வீடும் வருது. முதல் நாளே நான் மிஸ்கிட்ட, இனிமே கரண்டி யார் டப்பாவுலயும் படாது, ஆனா வரிசை ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அதைச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் வாயாடி.

ஒரு நாள் மாதேஷைக் கவுன்டர்ல நிக்க வெச்சுட்டு டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட ஓடினேன். லட்சுமம்மா பெருக்கிக்கிட்டிருந்தா. நாளைக்கு உன் டப்பாவைக் கொண்டா, நானே வாங்கி வரிசையில முதல்ல வைக்கிறேன், எவ கேக்கறான்னு பார்க்கறேன்னேன். மன்னிச்சுக்கடின்னும் சொன்னேன். அவ கோவிச்சுக்கல. என் பொண்ணு பரீட்சை எழுதிட்டாளான்னு கேட்டா. தன் வீட்டுக்காரருக்கு இப்போ இட்லி அவளே ஊத்திக் குடுக்கறாளாம். அப்புறம் துடைப்பத்தைக் கையில தட்டி நேராக்கிக்கிட்டே சொன்னா: "ரெண்டு நாளும் உன் அட்டை டப்பாவை இந்த மூலையிலதான் போட்டேன் அக்கா, எப்படியும் காலையில அள்ளப் போறவ நான்தான."

ஊரு பூரா பத்து பத்து ரூபாயாக் கறந்து பேரைக் கெடுத்துக்கிட்ட எனக்கு, ஓசியில குடுத்த அந்த ரெண்டு டப்பாதான் இன்னிக்கு வரைக்கும் தீராத நஷ்டம்.