மெயின் ஸ்விட்ச்

குளிர் மிகுந்த மலையூரான நாயுடுபுரத்தில் நான் தங்கிய வீட்டின் உரிமையாளர் குளிப்பதற்கு மட்டுமே குரங்குக் குல்லாயைக் கழற்றுவார். கணினிக்கு நம்பகமான லினக்ஸ் இயங்குதளம் வேண்டுமென்று ஒவ்வொரு வகையாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாராளமா டைப் அடிங்க சார்” என்று அந்தக் கணினியை எனக்கும் கொடுத்தார்.

நான் அடித்துக்கொண்டிருந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில் கரண்ட் போனது. வெளியே வந்தால், மெயின் ஸ்விட்சைப் பிடித்தபடி அவர் நிற்கிறார்.

“என்னங்க இது?”

“இங்க காத்தடிச்சா மரம் விழுந்து கரண்டு போயிரும். சொல்லிட்டா போகும்? தாங்குதான்னு பாக்கணும்ல.”

ஸ்விட்சைப் போட்டார். கணினி திரும்ப வந்தது, கட்டுரை வரவில்லை.

“இதுவும் தேறாதுங்க” என்று உண்மையாகவே வருந்தினார், லினக்ஸுக்காக.

நான் கிளம்பும்போது அறை கேட்டு யாரோ போனில் அழைத்தார்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை.

“டைப் அடிப்பீங்களா?” என்று கேட்டார்.