இமையில் அப்பிய சுண்ணாம்பு

குளவி கொட்டினால் வினாகிரி, தேனீ கொட்டினால் அப்பச்சோடா. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்துக்கு இதை எழுதி நான் முதற்பரிசு வாங்கியவள். என் மகளின் கண்ணிமையில் குளவி கொட்டிய அன்று எதற்கு எது என்பது எனக்கு மாறிப்போயிற்று.

அன்று எங்கள் வீட்டு வளவில் வேலியடைப்பு. பழைய தென்னோலைக் கிடுகுகளை இழுத்துப் போட்டுவிட்டுப் புதுக்கிடுகு கட்டுகிற வேலை. உக்கிய கிடுகுக்குள் குளவி கூடு வைத்திருக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் வேலைக்காரர் ஒவ்வொரு கிடுகையும் தடியால் தட்டிப் பார்த்த பிறகு பிடுங்குவார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நான் வேலைக்காரருக்குத் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். நாலு வயதுக்காரி எப்போது வெளியே போனாள் என்று கவனிக்கவில்லை.

சத்தம் கேட்டு ஓடியபோது வலது கண்ணின் மேலிமை வீங்கத் தொடங்கியிருந்தது. மச்சாள், அதாவது என் கணவரின் தமக்கை, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தார். அவருடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் இந்த ஒரு வேலிதான். என் கணவர் கொழும்பில் கிளாக்கர் என்பதால் வேலியடைப்பைப் பார்க்க மச்சாள்தான் வந்திருந்தார். அந்த வீடு எனக்குச் சீதனமாக வந்த வீடு. இருந்தும் மச்சாள் உள்ளே வந்துவிட்டால் நான் விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்பேன்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். வினாகிரி குளவிக்கா, தேனீக்கா? கண்ணுக்குக் கிட்ட அதை வைக்கலாமா? பாடத்தில் கையையும் காலையும் பற்றித்தானே சொன்னார்கள்? நான் இப்படி யோசித்து முடிப்பதற்குள் மச்சாள் மடியிலிருந்த கரண்டகத்தைத் திறந்து, வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பை விரலில் வழித்து இமையில் அப்பிவிட்டார்.

கொட்டுக்கும் கடிக்கும் எங்கள் ஊரில் முதல் மருந்து சுண்ணாம்புதான். என் கையிலும் காலிலும் எத்தனையோ தரம் பூசியிருக்கிறார்கள், வலி குறைந்துமிருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை கண்ணைக் கசக்கும் என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா? கசக்கினாள். அதன்பிறகு அவள் போட்ட சத்தம் குளவிக்கு அழுத சத்தம் அல்ல.

பிள்ளையைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். வாளியில் கிடந்த தண்ணீரை அள்ளி அவள் கண்ணில் ஊற்றினேன். இரண்டு கை தண்ணீர் ஊற்றியிருப்பேன்.

"என்ன வேலை செய்யிறாய் பிள்ளை? கடிவாயிலை தண்ணி படக்கூடாது. விசம் ஏறும்."

"கண்ணுக்கை சுண்ணாம்பு போயிட்டுது மச்சாள்."

"எரிஞ்சால்தான் விசம் முறியும். உங்கடை பள்ளிக்கூடத்திலை குளவிக்கும் குளிக்க வாக்கச் சொல்லித் தந்தவையோ?"

வேலி கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர், "ஓம் தங்கச்சி, தண்ணி கூடாது" என்றார்.

நான் நிறுத்திவிட்டேன். சுண்ணாம்பு கண்ணை வேகவைக்கும் என்று தெரிந்திருந்தும், மூன்றாவது கை தண்ணீரை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டேன். மச்சாள் மீதுள்ள கோபம் சில நாட்களில் தணிந்துவிடும். அந்த மூன்றாவது கை தண்ணீரை நினைத்தால் மட்டும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கும்.

ஒரு மணித்தியாலம் கழித்து இமையை விரித்துப் பார்த்தேன். கறுப்புவிழியில் பால் கலந்தது போல ஒரு மங்கல். அயலிலிருந்து திருக்கல் மாட்டுவண்டியைப் பிடித்து மிஷன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மச்சாளும் கூட வந்தார். அங்கே டாக்குத்தரம்மா செய்த முதல் வைத்தியம் கண்ணைக் கழுவியதுதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிக்கொண்டேயிருந்தார்.

"ஆர் இதைப் பூசினது?"

"நான்தான்" என்றேன்.

"உங்களைப் பாத்தால் படிச்ச ஆள் மாதிரிக் கிடக்கு. பெத்த பிள்ளையின்ரை கண்ணுக்கோ சுண்ணாம்பு வைக்கிறது?"

மூத்தவர்களைப் பிறத்தியாருக்கு முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று என்னை வளர்த்திருந்தார்கள். மச்சாள் தானாகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

கண் தப்பியது. கறுப்புவிழியின் ஓரத்தில் அரிசிக் குறுணியளவு ஒரு வெள்ளை நிலைத்துவிட்டது. எதையாவது உற்றுப் பார்க்கும்போது மகள் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். கணவரிடமிருந்து கடிதம் வந்தது. மச்சாளின் கடிதம் எனக்கு முந்திக்கொண்டு அவரிடம் போயிருக்க வேண்டும். 'நீ சற்று யோசித்துச் செய்திருக்கலாம்' என்று எழுதியிருந்தார். யோசித்துக்கொண்டு நின்றதால் வந்த வினை என்று பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். பிறகு எல்லாரும் சுகம் என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த வருட வேலியடைப்புக்கும் அதே ஆட்கள்தான் வந்தார்கள். இந்த முறை மகளை உள்ளே விட்டுக் கதவைக் கொளுவினேன். தேத்தண்ணீரோடு வெளியே வந்தபோது மச்சாள் அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"கூட்டைப் பாத்துப் பிடுங்குங்கோ. போனமுறை தாய்க்காரி சுண்ணாம்பைப் பூசிப் பிள்ளையின்ரை கண்ணைக் கெடுத்துப்போட்டாள். படிச்ச பெட்டையெல்லே."

தட்டத்தைக் கீழே வைத்தேன்.

"நான் பூசேல்லை மச்சாள். நீங்கள்தான் பூசினனீங்கள். நான் கழுவினனான். நீங்கள் கழுவ விடேல்லை."

'தண்ணி கூடாது' என்று சொன்ன மூத்தவர் குனிந்து, ஏற்கெனவே கட்டிய முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"அப்ப ஏன் டாக்குத்தரம்மாவிட்டை நீயெண்டு சொன்னனீ?" என்றார் மச்சாள்.

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டனானோ?"

கேட்கவில்லைத்தான். ஒரு வருடமாக நான் சுமந்த பழியைச் சுமக்கச் சொல்லி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. யன்னல் கம்பிக்குப் பின்னால் மகள் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்து, வேலியோரம், மச்சாளின் காலடியில் வைத்தேன்.

"இண்டைக்கு ஆருக்குக் கொட்டினாலும் முதல் இது" என்றேன்.